இடுப்பளவு தண்ணிக்கு லைஃப் ஜாக்கெட்டா?

கேள்வி, ஜூன் 19

நாங்கள் கும்பகோணம் பக்கம் நாலு பேர். காற்றடிக்கிற கயாக் இரண்டு வாங்கியிருக்கிறோம். மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது. வரும் ஞாயிறு திருவையாற்றில் இறக்கி, காவிரியிலேயே சுவாமிமலை வரை வந்துவிடலாம் என்று திட்டம். நாலு பேருக்கும் சின்ன வயதிலேயே ஆற்று நீச்சல் தெரியும். தண்ணீர் இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு. இந்த வெயிலில் அந்த ஆரஞ்சு மூட்டையைக் கட்டிக்கொண்டு துடுப்புப் போட முடியுமா? பரிசல்காரர்கள் யாரும் போட்டுப் பார்த்ததில்லை. அது கடலுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும்தானே?

ஜூன் 19, இரவு

போட வேண்டும். நாலு பேரும், கரையிலிருந்து இறங்கும்போதே. கடையை மூடுகிற நேரம், அதனால் இப்போதைக்கு ஒரு காரணம் மட்டும். நீங்கள் இதுவரை நீந்தியதெல்லாம் நீங்களாகக் குதித்து நீந்தியது. படித்துறையில் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, எங்கே விழப்போகிறோம் என்று பார்த்துக் குதித்தது. கயாக் கவிழும்போது பக்கத்துப் படகில் இருப்பவனைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பீர்கள், வாய் திறந்திருக்கும், முதல் மூச்சிலேயே தண்ணீர் உள்ளே போகும். அப்புறம் இருமல். இருமிக்கொண்டே நீந்திப் பாருங்கள், தெரியும். அந்த அரை நிமிடம் உங்கள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பதுதான் ஜாக்கெட்டின் வேலை. உங்கள் நீச்சல் அதற்குப் பிறகுதான் உபயோகப்படும்.

மீதி நாளை.

ஜூன் 20

இடுப்பளவு என்கிறீர்கள். எந்த வருஷத்து ஆற்றில்?

ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினால் ஜூன் 12 வரை நம் ஆறுகள் பெரும்பாலும் வெறும் மணல். அந்த நாலரை மாதத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், மாடு மேய்கிறது, ராத்திரியில் மணல் போகிறது. பிறகு கலங்கல் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் ஒரே மட்டமாக மூடிவிடும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே போவீர்கள், அடுத்த அடியில் மணல் அள்ளிய பள்ளம், ஆள் முங்கிவிடும். திரும்ப ஏறலாம் என்று பார்த்தால் விளிம்பு மணல் காலடியில் சரிந்துகொண்டே வரும். கொள்ளிடத்தில் இது இன்னும் மோசம். போன வருஷம் நீங்கள் குளித்த இடம் இந்த வருஷம் அதே ஆழத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஓடுகிற தண்ணீரில் இடுப்பளவில் எழுந்து நிற்கப் பார்ப்பதே ஆபத்து. கால் ஒரு வேரிலோ இடிந்த படித்துறைக் கல்லிடுக்கிலோ மாட்டிக்கொண்டால், தண்ணீர் முதுகில் தள்ளி ஆளைக் குப்புறச் சாய்த்துவிடும், எழுந்திருக்க விடாது. இழுப்பின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்கு. நல்ல திடகாத்திரமான ஆள், இடுப்பளவுத் தண்ணீர், இருந்தும் போய்விட்டார் என்று கேள்விப்படுகிறோமே, அதில் சில இப்படித்தான். ஆகவே கவிழ்ந்தால் நிற்காதீர்கள். மல்லாந்து, இரண்டு காலும் தண்ணீர் போகிற திசையில் மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு, கையால் துழாவிக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். ஜாக்கெட் இருந்தால் இது சுலபம். இல்லாவிட்டால் நன்றாக நீந்துகிறவருக்கும் இப்படியே ரொம்ப தூரம் போவது கஷ்டம்.

ஜூன் 20, கொஞ்ச நேரம் கழித்து

பரிசல்காரர் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் தினமும் அதே துறை, அதே அக்கரை. எங்கே சுழல், எங்கே மேடு என்று அவருக்குக் காலால் தெரியும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆசாமி. அப்புறம், ஒகேனக்கல்லில் போய்ப் பரிசல் ஏறிப் பாருங்கள், பயணிகளுக்கு ஜாக்கெட்டை மாட்டிவிட்டுத்தான் துடுப்பை எடுப்பார்கள். நம் பக்கத்தில் வலை விரிக்கப் போகிற பெரியவரிடம் கேட்டால் "எனக்கு எதுக்குப்பா" என்றுதான் சொல்வார். அவரிடமே "பேரனைக் கூட்டிக்கொண்டு போகும்போது?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். என்ன விலை என்று விசாரித்தார்.

ஜூன் 22

வெயில். இது நியாயமான புகார், இதற்குத்தான் உருப்படியாகப் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஆரஞ்சு மூட்டை, முன்பக்கம் இரண்டு செங்கல் கட்டினாற்போல் இருக்குமே, அது பயணிப் படகுக்கானது. அதைப் போட்டுக்கொண்டு துடுப்புப் போட்டால் தோள் அசையாது, கழுத்தில் உரசும், பத்து நிமிடத்தில் கழற்றத்தான் தோன்றும். துடுப்புப் போடுகிறவர்களுக்கென்று தனியாக இருக்கிறது. கைத்துளை பெரிதாக, தோளில் மெல்லிய பட்டை, ஃபோம் மார்பிலும் முதுகின் மேல்பாதியிலும் மட்டும், கீழ் முதுகில் வலைத்துணி. கயாக் இருக்கையின் சாய்மானம் இடிக்காது. மேட்டூர் தண்ணீரில் ஒரு தடவை முக்கி எடுத்துப் போட்டால் முதல் ஒரு மணி நேரம் குளிர்ச்சியாகவே இருக்கும், காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். வெயிலில் என் தோளும் மார்பும் கருகாமல் இருப்பது இதனால்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன், அவர்கள் நம்பவில்லை.

என்ன எண் பார்த்து வாங்குவது? ஐஎஸ்ஓ 12402 என்று உள்பக்கம் அச்சடித்திருக்கும், கூடவே 50, 100, 150, 275 என்று நியூட்டன் கணக்கு. பத்து நியூட்டன் என்பது சுமாராக ஒரு கிலோவைத் தூக்குகிற சக்தி. ஐந்து கிலோவைத் தூக்குவது எழுபது கிலோ ஆளை எப்படித் தாங்கும் என்று என் மச்சான் கேட்டார். முழு எடையையும் அது தாங்க வேண்டியதில்லை, உடம்பு பெரும்பாலும் தானே மிதக்கிறது. பெரியவர்கள் பலருக்குத் தலை மேலே நிற்க மூன்றிலிருந்து ஐந்தரை கிலோ வரை கூடுதல் தூக்கல் போதும். 50 நியூட்டன் அதைக் கொடுத்துவிடும், ஆனால் மயங்கிக் குப்புற விழுந்தவரைப் புரட்டி மல்லாத்தாது. அந்த வேலையை 100-ம் அதற்கு மேற்பட்டதும்தான் செய்யப் பார்க்கும். நீந்தத் தெரிந்து, கூட ஆள் இருந்து, கரை பக்கத்தில் இருக்கும்போது துடுப்புக்காரர்களுக்கு 50 சரி. நீச்சல் தெரியாத உறவுக்காரரைப் படகில் ஏற்றினால் அவருக்கு 100.

ஒரு பழங்கதை. அந்தக் காலத்துக் கப்பல் ஜாக்கெட்டுகளில் முதலில் தக்கையைத் தைத்தார்கள், அப்புறம் இலவம்பஞ்சு. நம் வீட்டுத் தலையணைப் பஞ்சேதான். அந்த இழை உள்ளே குழலாக, மேலே மெழுகுப் பூச்சு மாதிரி இருப்பதால் தண்ணீர் சுலபத்தில் ஏறாது. எண்ணெய் பட்டால், அல்லது உட்கார்ந்து உட்கார்ந்து நசுங்கினால் மிதப்பு போய்விடும். இந்தக் காலத்து ஃபோமும் நசுங்கினால் அப்படித்தான், ஆகவே ஜாக்கெட்டைத் திண்டாகப் போட்டு உட்காராதீர்கள்.

ஜூன் 23

"150 வாங்கினால் இன்னும் பாதுகாப்புதானே" என்று ஒருவர். கடலுக்குப் போனால், ஆமாம். துடுப்புப் போட இடைஞ்சலாக இருந்து கழற்றிவைத்த 150-ஐ விட உடம்பில் இருக்கிற 50 மேல்.

தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொள்ளும் வகை பற்றியும் கேட்டிருக்கிறார். அதில் தண்ணீரில் கரைகிற ஒரு வில்லை இருக்கும், அது கரைந்ததும் வாயுக் குப்பி திறக்கும். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் பீரோவுக்குள்ளேயே ஊதிக்கொண்டால் நான் பொறுப்பில்லை. ஒருமுறை ஊதினால் புதுக் குப்பி மாட்ட வேண்டும், அது கும்பகோணம் கடைத்தெருவில் கிடைக்கிற சாமான் இல்லை. கயாக்கில் எப்படியும் நனைந்துகொண்டேதான் இருப்பீர்கள். ஃபோம் வாங்குங்கள்.

ஜூன் 25

ஓய்வுபெற்ற லஸ்கர் ஐயா ஒருவர் தனியாக எழுதியிருந்தார். ஷட்டர் திருகியே வாழ்க்கையைக் கழித்தவர். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகிறது, அதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், அதனால் பயமில்லை. பயம் உள்ளூர்த் தலைப்புகளில், அதாவது ஆறு பிரிகிற இடத்து மதகுகளில். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ஒரு ஆற்றைக் குறைத்து இன்னொன்றில் கூட்டுவார்கள். மேலே மழை பெய்தாலோ, கீழே வயல் முங்கிவிட்டது என்று விவசாயிகள் வந்து நின்றாலோ, சில மணி நேரத்தில் அளவு மாறும். காலையில் நீங்கள் சிரமமில்லாமல் கடந்த இடம் மதியம் வேறு மாதிரி இருக்கும்.

கனஅடிக் கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். ஒரு கனஅடி என்றால் நொடிக்கு 28 லிட்டர் சொச்சம். "காவிரியில் 3,000 கனஅடி" என்று பேப்பரில் சின்ன எழுத்தில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். நொடிக்கு எண்பத்தைந்தாயிரம் லிட்டர் உங்கள் படகைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம்.

ஜூன் 28

தலைப்பு என்றதும் இதை எழுதியே ஆக வேண்டும். கல்லணையில் ஆரம்பித்து, தென்பெரம்பூரில் வெண்ணாறு வெட்டாறு பிரிகிற இடம், நீடாமங்கலம் மூணாறு தலைப்பு என்று நம் ஊர் முழுக்க ஷட்டரும் தடுப்புச் சுவருமாகத்தான் ஆறு ஓடுகிறது. இவ்வளவு மதகு உள்ள சமவெளியில் கயாக் ஓட்டுகிறவனுக்கு முதல் எதிரி அந்த மதகுதான்.

மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தண்ணீர் கண்ணாடியாக வந்து, ஒரு கோட்டில் மறையும், கொஞ்சம் இரைச்சல் கேட்கும். நாலு அடி ஐந்து அடி இறக்கம்தானே, சறுக்கிக்கொண்டு போய்விடலாம் என்று இளவட்டங்களுக்குத் தோன்றும். கீழே என்ன நடக்கிறது என்றால், விழுகிற தண்ணீர் அடியில் பாய்ந்து, கொஞ்ச தூரம் தள்ளி மேலே கொப்பளித்து, அதில் ஒரு பகுதி மேற்பரப்போடு சுவரை நோக்கியே திரும்பி வருகிறது. அங்கே விழுந்த கட்டையோ பந்தோ மணிக்கணக்காக ஒரே இடத்தில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆளும் அப்படித்தான் சுற்றுவார். நுரைத்த தண்ணீரில் பாதி காற்று, அது உடம்பையும் சரியாகத் தாங்காது, ஜாக்கெட்டையும் சரியாகத் தாங்காது.

இதற்கு ஜாக்கெட் மருந்தில்லை, பக்கத்தில் போகாமல் இருப்பதுதான். இரைச்சல் கேட்டதும் கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு நடந்து, நன்றாகக் கீழே போய் இறக்குங்கள். காற்றடிக்கிற கயாக் தூக்க லேசுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. (கரையில் சீமைக்கருவேல முள் இருக்கும், தரையில் இழுக்காதீர்கள். முள் ஏறிய காற்றுக் கயாக் நடு ஆற்றில் மெல்லத் தொய்கிறபோது ஜாக்கெட்டின் அருமை தானாகவே புரியும்.)

என் மச்சான், ஐந்து கிலோக் கேள்வி கேட்டவரேதான், ஒரு சின்ன வாய்க்கால் தலைப்பில் இதில் மாட்டினார். பெரிய ஆறுகூட இல்லை, கரையில் ஒரு டீக்கடை, நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு பின்பக்கமாக இழுபட்டுக் கவிழ்ந்தது. உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். ஜாக்கெட் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே கொண்டுவந்தது, ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு கிடைத்தது. கடைக்காரர் தார்ப்பாய் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வீசினார், அதைப் பிடித்து இழுத்தோம். "ஜாக்கெட் காப்பாத்திடுச்சு" என்று அவர் ஊரெல்லாம் சொல்கிறார். என் கணக்கில் கயிறு காப்பாற்றியது, கயிறு வரும்வரை ஜாக்கெட் ஆளைத் தக்கவைத்தது. அவரோடு இதில் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.

ஜூன் 29

ஒருவர் புது ஆற்றைச் சேர்க்கச் சொல்கிறார், சரிதான். புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில் கரைக்குக் கான்கிரீட் போட்ட பகுதிகளில் சரிவு வழவழவென்று இருக்கிறது, பாசி பிடித்தால் இன்னும் மோசம். நீந்திக் கரைக்கு வந்துவிடலாம், ஏறத்தான் முடியாது. நாணலோ வேரோ பிடிக்க இல்லை. படிக்கட்டு வரும்வரை மிதந்துகொண்டே போக வேண்டும். நன்றாக நீந்துகிறவர் அலுத்துப் போவது இப்படித்தான்.

ஜூலை 5

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார். படமும் அனுப்பினார். சந்தோஷம். மூன்று பேர் மாட்டியிருக்கிறார்கள். நாலாவது ஆள் ஜாக்கெட்டை எடுத்துவந்து இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறார், "தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்" என்று.

தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்துக் கோயில் குளத்திலோ நீச்சல் குளத்திலோ, கால் எட்டாத இடத்தில், கூட இரண்டு பேரை நிறுத்திக்கொண்டு, மிதக்கிற ஜாக்கெட்டைத் தண்ணீருக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். ஒரு கை நுழைந்ததும் மற்றப் பக்கம் எழும்பி முகத்தில் மோதும், பட்டை எங்கேயோ மிதக்கும், பக்கிளைத் தேடுவதற்குள் மூச்சு வாங்கும். இது தெளிந்த, ஓடாத தண்ணீரில், நீங்களாக இறங்கி, நிதானமாகச் செய்யும்போது. கவிழ்ந்த படகு ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம், ஜாக்கெட் ஒரு பக்கம் போகிற நேரத்தில் நடக்கிற காரியமா?

போட்டிருக்கும் மூவருக்கும் ஒரு வார்த்தை. படத்தில் நடுவில் இருப்பவரின் பக்கிள் திறந்து தொங்குகிறது. பட்டை எல்லாவற்றையும் இழுத்து மாட்டிய பிறகு, வேறொருவர் உங்கள் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் மோவாயைத் தாண்டி, காதுவரை ஏறினால் தொளதொளப்பு. தண்ணீரில் அது மேலே போகும், நீங்கள் கீழே போவீர்கள்.

ஜூலை 6

கூச்சம் என்று ஒருவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். "ஊரில் பார்த்தால் சிரிப்பார்கள், ஆற்றங்கரைக்காரனுக்கு மிதவையா என்று." இதுதான் நிஜமான காரணம் என்று நினைக்கிறேன், வெயிலெல்லாம் சாக்கு.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது என் சித்தப்பா. இரண்டு நெற்றுத் தேங்காயை நார் உரித்துக் கட்டி, நடுக்கயிற்றில் வயிற்றை வைத்துப் படுக்கச் சொல்லித் தள்ளிவிடுவார். அதற்கு முந்தின தலைமுறைக்குச் சுரைக்குடுக்கை. வாழைமரம் சாய்ந்தால் அதுவும் மிதவைதான். யாருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை. நீச்சல் வந்த அன்றைக்குத் தேங்காயை அவிழ்த்து எறிவதில் ஒரு பெருமை, அந்தப் பெருமையைத்தான் நாற்பது வயதிலும் கட்டிக்கொண்டு நிற்கிறோம். சித்தப்பாவோ ஆடி வெள்ளத்தில் அக்கரை போக வேண்டியிருந்தால் லாரி டியூப் இல்லாமல் இறங்கியதே கிடையாது. கொள்ளிடத்தை நீந்திக் கடந்தவர் அவர்.

ஜூலை 12

எண்ணிக்கை கேட்டார்கள். அமெரிக்காவில் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் பொழுதுபோக்குப் படகு விபத்துகளுக்கென்றே கணக்கு வெளியிடுகிறது. 2023-ல் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த சாவுகளில் நாலில் மூன்று மூழ்கியதால். மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் ஜாக்கெட் போடாதவர்கள். பெரும்பாலோர் பெரிய கப்பலில் இல்லை, 21 அடிக்குக் குறைந்த சின்னப் படகில் இருந்தவர்கள். இதை வைத்து "போட்டால் நூற்றுக்கு 87 பேர் பிழைப்பார்கள்" என்று வாட்ஸாப்பில் பரப்பாதீர்கள். போடாமலே பத்திரமாகத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் வருஷா வருஷம் இதே விகிதம் திரும்பத் திரும்ப வருவதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

நம் நாட்டில் 2022-ல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000-க்கு மேல் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் பெரும்பகுதி படகே அல்ல, குளிக்கப் போனதும் வழுக்கி விழுந்ததும். படகுக் கணக்கு என்றால் நாம் நினைவில் வைத்திருப்பது பெரிய விபத்துகளைத்தான். 2009 செப்டம்பர் 30 தேக்கடி, 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு, 22 பேர். 2023 மே 7 தானூர், 22 பேர். 2024 ஜனவரியில் வதோதரா ஹர்ணி ஏரி, பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். தேக்கடியில் மிருகம் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்றார்கள், தானூரில் கணக்குக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள்.

சட்டம் உண்டா என்றால், 2021-ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்கு உயிர்காப்புச் சாதனங்களைக் கட்டாயமாக்குகிறது. துடுப்புப் போடுகிற உங்களைக் கரையில் நின்று யாரும் சோதிக்கப் போவதில்லை.

ஜூலை 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் எதிர்ப்பக்கம் பேசினார், அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. மூடின கேபின் உள்ள இரண்டடுக்குப் படகு தலைகீழானால், உள்ளே ஜாக்கெட்டோடு இருப்பவரை அது கூரையாகிவிட்ட தரையோடு ஒட்டவைக்கும், முங்கி வாசலுக்கு வர விடாது. உண்மை. அதற்காகப் போடாமல் இருக்கச் சொல்ல மாட்டேன், கேபினுக்குள் உட்காராதீர்கள் என்பேன். கூட்டம் நெருக்கியடிக்கிற படகில் திறந்த பக்கமாக இடம் பிடியுங்கள், இடம் இல்லையென்றால் அடுத்த படகில் போங்கள். கயாக்கில் இந்தக் கவலை கிடையாது, கவிழ்ந்த அடுத்த கணம் நீங்கள் வெளியேதான் இருப்பீர்கள்.

ஜூலை 20

குடும்பத்தோடு முத்துப்பேட்டை போகிறோம், குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார்கள்.

ஜாம்பவானோடையில் ஏறினால் கோரையாற்று வழியாக அலையாத்திக் காட்டுக்குள் போய் லகூனில் விடுவார்கள். லகூன் ஆழம் குறைவு, பல இடங்களில் ஒரு மீட்டர்தான், அதைக் கேட்டுத்தான் எல்லோரும் அசட்டையாகிறார்கள். அடி முழுக்கச் சேறு. எழுந்து நின்றால் தொடைவரை உள்ளே போகும், ஒரு காலை உருவ மற்றக் கால் இன்னும் இறங்கும். அங்கே கையால் மீன் பிடிப்பவர்கள் சேற்றில் காலை அழுத்தாமல் மிதந்தபடி நகர்வார்கள், கவனித்துப் பாருங்கள். விழுந்தால் நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான், ஜாக்கெட் அதற்கு உதவும்.

குழந்தைக்குக் குழந்தை அளவுதான். பெரியவர்கள் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டினால் போதும் என்று படகுத்துறையில் சொன்னால் கேட்காதீர்கள், தண்ணீரில் விழுந்ததும் குழந்தை கீழே நழுவி ஜாக்கெட் மட்டும் மேலே நிற்கும். கால்களுக்கிடையே வந்து மாட்டுகிற பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பதும் வேண்டாம், கவிழும்போது கை தானாக விரியும். உங்களுக்கு: முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு அதற்கு மேல் ஜாக்கெட். துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். பிச்சாவரத்தில் சுற்றுலாக் கழகப் படகுத்துறையில் ஜாக்கெட் கொடுப்பார்கள், முந்தின ஆளின் வியர்வையோடு. முகம் சுளிக்காமல் வாங்கி, பட்டை அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அறுந்திருந்தால் வேறு கேளுங்கள்.

ஆகஸ்ட் 2

நாளை ஆடிப்பெருக்கு. கயாக்கை வீட்டில் வையுங்கள். தண்ணீர் முழு இழுப்பில் இருக்கும், படித்துறையெல்லாம் கூட்டம், உங்கள் துடுப்பு யார் மண்டையிலாவது படும்.

போகிறவர்கள் ஒரு கயிறு எடுத்துப் போங்கள். ஒரு பிள்ளை வழுக்கிவிட்டால் அண்ணன் குதிக்கிறான், அண்ணனைப் பிடிக்க மாமா குதிக்கிறார், மறுநாள் பேப்பரில் மூன்று பெயர். முங்குகிறவர் கிடைத்ததைக் கட்டிப்பிடிப்பார், காப்பாற்றப் போனவரையும் சேர்த்து. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் என்ன செய்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்து வீசினார்கள். நாலு பையன்களில் இரண்டு பேரை இழுத்துவிட்டார்கள், அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. வீசுவதற்கு ஏதாவது, நிற்பதற்கு உறுதியான இடம், இவ்வளவு போதும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மிதவை ஒன்றோடு இறங்குங்கள், காலிக் குடமாக இருந்தாலும் சரி.

ஆகஸ்ட் 10

நாலாவது ஆள் எழுதியிருக்கிறார். தாராசுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் குளத்தில் சோதனை செய்தாராம். பக்கிளைப் போடவே முடியவில்லை, தண்ணீர் குடித்ததுதான் மிச்சம், கரையில் உட்கார்ந்திருந்த மாமியார் சிரித்துவிட்டார். இனி மாட்டிக்கொள்வதாகச் சொல்கிறார். மாமியாருக்கு நன்றி.

ஜாக்கெட்டைத் துவைப்பது எப்படி என்பது அவருடைய கேள்வி. நல்ல தண்ணீரில் அலசினால் போதும், உப்புத் தண்ணீரில் போய்வந்தால் கட்டாயம் அலசுங்கள். மெஷினில் போடாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், இஸ்திரி பற்றிக் கேட்டவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள், வெயிலில் நாள்கணக்காகக் கிடந்தால் துணி வெளுத்துத் தையல் இற்றுவிடும். நெல் மூட்டை இருக்கும் அறையில் வைக்காதீர்கள், எலி ஃபோமைக் கடிக்கும். வருஷம் ஒருமுறை, மேட்டூர் திறக்கிற சமயத்தில், மாட்டிக்கொண்டு குளத்தில் இறங்கி மிதந்து பாருங்கள். மோவாய் தண்ணீரில் நனைகிற அளவுக்குக் கீழே போனால் புதுசு வாங்கும் நேரம்.

மொத்தமாக வாங்கலாம் என்று ஐந்தாறு பேர் கை தூக்கியிருக்கிறீர்கள். சட்டை அளவு வேண்டாம், மார்புச் சுற்றளவும் எடையும் எழுதி அனுப்புங்கள். தொப்பை உள்ளவர்கள் மூச்சை உள்ளே இழுக்காமல் அளக்கவும்.